ஓ.எல்.ல கணக்கு போயிருச்சு: தம்பிய என்.வீ.கியூ கோசுக்கு அனுப்புறதா, மறுபடி எழுத வைக்கிறதா?

பொகவந்தலாவ பொடியன் | சனி, இரவு 9.40

வணக்கம் எல்லாருக்கும். ரெண்டு வருசமா இந்தப் பக்கத்த வாசிச்சிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் எழுதத் துணிஞ்சேன்.

தம்பிக்கு ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) ரிசல்ட் வந்திருச்சு. சைவம் ஏ, தமிழ் பி, வரலாறு சி, விஞ்ஞானம் எஸ். கணக்கு டபிள்யூ, பெயில். அம்மா மறுபடி எழுதட்டும், ஏ.எல். (உயர்தரம்) படிச்சு டீச்சராகட்டும்னு ஒரே பிடியா நிக்கிறாங்க. அப்பா தேயிலை பெக்டரியில ரோலர் வேலை, அவரு எதுவும் பேச மாட்டாரு. தம்பிக்குப் புத்தகம் ஒட்டாது, ஆனா கை சும்மா இருக்காது. எங்க லயத்தில (தோட்டத்து வரிசை வீடுகள்) பாதி வீட்டு ரைஸ் குக்கர் அவன் கைபட்டதுதான். எலெக்ட்ரீசியன் கோஸ் ஒன்னு பாத்து வச்சிருக்கான், என்.வீ.கியூ 4, அதாவது தேசியத் தொழில் தகைமையில நாலாம் படி.

டவுன்ல குடுக்கிற நோட்டீஸ்ல எல்லாம் "100% வேலை உறுதி"னு இருக்கு. அது வேணாம். படிச்சவங்க சொல்லுங்க, உண்மையில வேலை கெடைக்குதா?

---

வயர்மேன் ஹட்டன் | சனி, இரவு 10.25

தம்பி, நான் அதே கோஸ்தான். என்.வீ.கியூ 4. ஒளிவு மறைவு இல்லாம சொல்றேன்.

எங்க பேச்ல (ஒன்னாச் சேந்த கூட்டம்) 18 பேர் சேந்தோம். 11 பேர் முடிச்சோம். இன்னைக்கு வயரைப் புடிச்சு சோறு திங்கிறது 5 பேர். மத்தவங்க கொழும்புல கடையில நிக்கிறாங்க, ஒருத்தன் த்ரீவீல் ஓட்டுறான், ஒருத்தன் மறுபடி தோட்டத்திலயே வேலைக்குப் பேர் போடப் போயிட்டான். எல்லாருக்கும் படிப்பிச்சது ஒரே சேர், ஒரே கிளாஸ், ஒரே செர்டிபிகேட். அப்ப வித்தியாசம் எங்க வந்துச்சுனு நான் ரொம்ப நாள் யோசிச்சேன்.

ஓஜேடில வந்துச்சு. கோஸ் முடிஞ்சதும் ஆறு மாசம் ஒரு எடத்துல வேலை பழகணும், அதத்தான் ஓஜேடிங்கிறாங்க. நிலையத்தில எடம் தேடிக் குடுக்கணும். எங்களுக்கு "நீங்களே தேடிட்டு லெட்டர் கொண்டு வாங்க"ன்னுட்டாங்க. எனக்கு நுவரெலியாவுல ஹொட்டல் ஒன்னு கட்டிட்டு இருந்தாங்க, அங்க ஒரு பாஸ் (மேஸ்திரி) தெரிஞ்சவரு, கூட்டிட்டுப் போனாரு. ஆறு மாசம் கொண்டிட் அடிச்சேன், டிபி போர்ட் கட்டினேன், திட்டு வாங்கினேன். முடியும்போது அந்த பாஸே அடுத்த சைட்டுக்குக் கூப்பிட்டாரு. அப்ப புடிச்ச வேலைதான்.

முடிச்சும் இந்த வேலையில நிக்காமப் போன ஆளுகள்ல நெறையப் பேர் மாமா கடை, சித்தப்பா கடைனு சீல் மட்டும் அடிச்சிட்டு வந்தவங்க. ஆறு மாசமும் வீட்டுல. பேப்பர் இருக்கு, கை பழகல. இன்டர்வியூல "ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுது, எப்படிப் பாப்ப?"னு கேட்டா முழிக்கிறான்.

அதனால கோஸ் நல்லதான்னு கேக்காத. ஓஜேடிக்கு எங்க அனுப்புவீங்கனு கேளு.

---

பத்தனைப் பழையவர் | ஞாயிறு, காலை 6.15

தம்பிக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். இங்கே எல்லோரும் தொழிற்பயிற்சிக்கு மாலை போடப் போகிறார்கள் என்று தெரிகிறது, அதற்கு முன் நான் கல்லெறிந்து விடுகிறேன்.

நம் சனம் இந்தியாவிலிருந்து இந்தத் தேயிலை மலைக்கு வந்து 200 வருடம் என்று 2023இல் ஊர் ஊராக விழா எடுத்தோம். அதில் எத்தனை வருடம் நம் பிள்ளைகள் பென்சில் பிடித்தார்கள்? தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பெருமளவில் எடுக்கத் தொடங்கியதே 1970களில்தான். அதன் பிறகு இங்கே ஒரு நடுத்தர வர்க்கம் உண்டானது என்றால் அது ஆசிரியர் நியமனத்தால் உண்டானது. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் இருந்து வெளியே வந்த பிள்ளைகள்தான் பல லயங்களில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள்.

இப்போது, கணக்கில் தவறிய பிள்ளை என்றால் உடனே ஸ்பானரைக் கையில் கொடு என்கிறார்கள். கொழும்பில் பெரிய பாடசாலையில் படிக்கும் பிள்ளை கணக்கில் தவறினால் ரியூசன் வைக்கிறார்கள், நம் பிள்ளை தவறினால் வயரிங் கோஸ். தோட்டத் துரையின் மகன் எந்த வெல்டிங் வகுப்புக்குப் போயிருக்கிறான் சொல்லுங்கள். கைவேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகளுக்கு மட்டும் அது தலையெழுத்தாக எழுதப்படுவதைத்தான் சொல்கிறேன்.

கணக்கை மறுபடி எழுதட்டும். ஒரு வருடம் பெரிய விடயமல்ல.

---

கராஜ்காரன் | ஞாயிறு, காலை 11.02

சேர் சொல்றதுல நியாயம் இருக்கு, மறுக்கல. ஆனா சேர், ஆசிரியர் உதவியாளர்னு எடுத்தாங்களே, மாசம் 6000 ரூபா கொடுப்பனவு, அப்பறம் 10,000. அந்தப் பிள்ளைங்க எத்தனை வருசம் அதுல கெடந்தாங்கனு உங்களுக்குத் தெரியும். அந்தக் கதவும் இப்ப முன்ன மாதிரி அகலமா இல்ல.

நான் வேலைக்கு ஆள் எடுக்கிற பக்கம். சின்ன கராஜ், நாலு பொடியன்கள். எங்கிட்ட செர்டிபிகேட்டோட வர்றவனுக்கு நான் என்ன பாக்குறேன் தெரியுமா? நெகத்த. சும்மா சொல்லல. நெகத்தில கிரீஸ் ஏறியிருந்தா ஒரு நாள் நிறுத்திப் பாப்பேன்.

ஆனா ஒன்னு ஒத்துக்கிறேன். அஞ்சாறு வருசத்துக்கு முன்னாடி பேப்பர் இருந்தாலும் இல்லாட்டியும் எனக்கு ஒன்னுதான். இப்ப அப்பிடியில்ல. 2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டினாங்க, 2025 பெப்ரவரியிலதான் தனியார் வாகனத்துக்குத் தொறந்தாங்க. அந்த அஞ்சு வருசமும் ஊர்ல இருந்த பழைய வண்டியத்தான் தட்டித் தட்டி ஓட்டினாங்க, கராஜுக்கு நல்ல வேலை. ஆனா வந்த வண்டி பூரா ஹைபிரிட், சென்சர். பழைய பாஸ் காதை வச்சே என்ஜின் நோயச் சொல்வாரு, ஸ்கேனரக் குடுத்தா கையெடுத்துக் கும்பிட்டுருவாரு. கோஸ் படிச்ச பொடியன் ஸ்கேனர்ல வர்ற கோட வாசிச்சு, அது எந்த சென்சர்னு படத்தப் பாத்துச் சொல்றான். அவனுக்கு ஸ்பானர் புடிக்க நான் மூணு மாசத்தில பழக்கிருவேன். படம் வாசிக்கப் பழக்க எனக்குத் தெரியாது.

இன்னொன்னு, எங்கிட்ட வேலை செய்றவனுக்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டுறேன். ஊருல பாதி எடத்தில கட்டுறதில்ல. தோட்டத்தில நாள் சம்பளம் கொறைவுதான், 2024லதான் அடிப்படை 1350க்கு வந்துச்சு. ஆனா அங்க ஈபிஎஃப், ஈடிஎஃப் (நம்பிக்கை நிதி) ஓடுது. வெளிய ஹெல்பருக்கு அதவிடக் கூட நாள் கூலி கெடைக்கும், வயசான காலத்துக்கு ஒன்னும் மிஞ்சாது. வேலை கெடைக்குதானு கேக்கிறவங்க இதையும் கேக்கணும்.

---

வயர்மேன் ஹட்டன் | ஞாயிறு, பகல் 12.40

கராஜ் அண்ணே, நெகத்தப் பாக்குறீங்களா! எலெக்ட்ரீசியனுக்கு நெகம் சுத்தமாத்தான் இருக்கும், எங்களுக்கு முட்டிதான் தேயும்.

---

இந்தக் கருத்து நீக்கப்பட்டது | ஞாயிறு, பகல் 1.15

(நெறியாளர்: கோஸ் விளம்பரம் இங்க போட வேணாம். வாட்ஸ்அப் நம்பரும் வேணாம்.)

---

போதனாசிரியர் ஒருவர் | ஞாயிறு, மாலை 5.30

பெயர் போடாமல் எழுதுவதற்கு மன்னிக்கவும், இன்னும் சேவையில் இருக்கிறேன்.

தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் அந்த விளம்பரக்காரருக்காக ஒரு வார்த்தை. தனியார் நிலையம் ஒன்று "அரசாங்கப் பதிவு பெற்றது" என்று பலகை போட்டிருந்தால் அது பாதி உண்மைதான். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையத்தைப் பதிவது வேறு. அந்தக் குறிப்பிட்ட கோசுக்கு அங்கீகாரம் பெறுவது வேறு. கோசுக்கு அங்கீகாரம் இல்லாவிட்டால் பிள்ளை கையில் கிடைப்பது அந்தக் கடையின் சொந்தச் சான்றிதழ், என்.வீ.கியூ அல்ல. ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இரண்டையும் பார்க்கலாம். பணம் கட்டுவதற்கு முன் பாருங்கள். கட்டிய பிறகு பார்த்து அழுதவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும்.

என்.வீ.கியூ ஏழு படி. முதல் நான்கும் சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். பத்தனை சேர் சொன்ன தலையெழுத்து வாதத்துக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது: 4ஆம் படியோடு கதவு மூடப்படுவதில்லை. இரத்மலானையில் தொழிற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. ஏ.எல். வழியாக மட்டுமே பட்டம் என்பது இன்று உண்மையல்ல. ஆனால் நம் மாவட்டத்தில் இருந்து 4ஐ முடித்து 5க்குப் போகிற பிள்ளை அரிது, அதையும் சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவர் சம்பாதிக்கத் தொடங்கியதும் மறுபடி படிக்க விடுவதில்லை.

அதைவிடப் பெரிய முடிச்சு மொழி. சட்டப்படி தமிழில் கற்கலாம், தமிழில் மதிப்பீடு கேட்கலாம். நிலையத்தில் தமிழ் போதனாசிரியர் இல்லாவிட்டால் அந்த உரிமையை வைத்து என்ன செய்வது? கையால் செய்து காட்டுவதில் நம் பிள்ளைகள் சோடை போனதில்லை. கோட்பாட்டு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவார்கள். இரண்டாம் மாதத்தில் ஒருவன் நின்றுவிடுவான், மூன்றாம் மாதத்தில் இரண்டு பேர். "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை" என்று அறிக்கையில் எழுதுவார்கள். ஆர்வம் இல்லாமல் இல்லை, சிங்களம் புரியவில்லை. வயர்மேன் தம்பி, உங்கள் வகுப்பில் 18 பேர் 11 ஆனது எப்படி என்று நினைத்துப் பாருங்கள்.

---

வயர்மேன் ஹட்டன் | ஞாயிறு, மாலை 6.10

சேர் சரியா அடிச்சீங்க. நின்ன ஏழு பேரும் தமிழ்ப் பொடியன்கள்தான். எனக்கு சிங்களம் ஓடினதுக்குக் காரணம், ஓ.எல். முடிச்சிட்டு ஒரு வருசம் வெலிமடையில மரக்கறிக் கடையில நின்னேன்.

---

தலவாக்கலை மருமகன் | ஞாயிறு, இரவு 8.05

கோசுக்கே போகாதவங்க கதை ஒன்னு சொல்றேன். எங்க மாமா மேல் கொத்மலை வேலை நடக்கையில அங்க வெல்டிங் பழகினாரு. 150 மெகாவாட் நீர்மின் திட்டம், 2012ல முடிஞ்சுச்சு. தலவாக்கலைப் பொடியன்கள் எத்தனையோ பேர் அதுல கல்லு ஒடச்சதில இருந்து வெல்டிங் வரைக்கும் செஞ்சாங்க. வேலை முடிஞ்சதும் கொம்பனிக்காரங்க பெட்டியக் கட்டிட்டாங்க. இவங்க கையில தொழில் இருந்துச்சு, பேப்பர் இல்ல. மாமா அஞ்சாறு வருசம் ஊருல கேட் அடிச்சிட்டு இருந்தாரு.

அப்பறம் யாரோ சொல்லி நைட்டாவுல (அரசாங்கத் தொழிற்பயிற்சி அதிகாரசபை) ஆர்பிஎல்னு ஒன்னு எடுத்தாரு. முன்னாடியே தொழில் தெரிஞ்ச ஆள பரிசோதிச்சு என்.வீ.கியூ குடுக்கிறது. பழைய வேலையோட போட்டோ, லெட்டர், எல்லாம் ஒரு பைலாக் கட்டிக் குடுக்கணும். அப்பறம் ஒருத்தர் வந்து கேள்வி கேட்டு, செய்யச் சொல்லிப் பாப்பாரு. மாமா பயந்து போயிட்டாரு, எழுத்து வாசனை கொறைவு. பைல நாந்தான் கட்டினேன். அதையும் மூணு தடவ திருப்பி அனுப்பினாங்க, அது வேற கதை. கடைசியா கெடைச்சுது. அதக் காட்டித்தான் கட்டாருக்குப் போனாரு.

ஊருல பேப்பர் இல்லாம வேல செஞ்சிட்டு இருக்கிற அண்ணன்மாருக்கு இது தெரியணும்னுதான் எழுதுறேன்.

---

தோஹா பதுளை | ஞாயிறு, இரவு 11.50

கட்டார்னு எழுதினதால வந்தேன், இப்பத்தான் சிப்ட் முடிஞ்சுது.

இங்க யாரும் என்.வீ.கியூ 4னா என்னனு கேக்கிறதில்ல. எத்தனை வருசம் செஞ்சன்னு கேப்பான், ஒரு ட்ரேட் டெஸ்ட் வைப்பான். அப்ப எதுக்கு அந்தப் பேப்பர்? ஸ்கில்ட் ஆளா ஏறுறதா, லேபரா ஏறுறதானு ஊருலயே முடிவாயிருது. ஏஜென்சிக்காரன் பேப்பர் இருக்கிறவனத்தான் எலெக்ட்ரீசியன்னு போடுறான். லேபரா வந்து இங்க எலெக்ட்ரீசியன் வேலை செஞ்சிட்டு லேபர் சம்பளம் வாங்கிற நம்ம பொடியன்கள நான் தெனம் பாக்குறேன்.

2022ல மட்டும் இலங்கைய விட்டு 3 இலட்சத்துக்கு மேல வேலைக்குப் போனாங்க. அந்தக் கூட்டத்தில நானும் ஒருத்தன். எல்லாரும் ஒரே நேரத்தில வந்து எறங்கினா லேபர் சம்பளம் என்னாகும்னு யோசிச்சுக்குங்க.

ஜப்பான் போறதுனா கதை வேற. அங்க மொழிப் பரீட்சை இல்லாம நகர முடியாது. தொழில் ரெண்டாவது.

---

கொழுந்துக்காரி மகள் | திங்கள், காலை 7.20

இவ்வளவு பேர் பேசியாச்சு, ஒருத்தராவது தங்கச்சிய அனுப்புறதப் பத்திப் பேசினீங்களா?

நான் தையல் கோஸ் படிச்சேன். ஏன் தையல்? அதுதான் எங்க டவுன்ல பொம்பளப் புள்ளைங்களுக்கு இருந்துச்சு. தையல், அழகுக்கலை, இல்லாட்டி முன்பள்ளி. எனக்கு கம்ப்யூட்டர் ஹார்ட்வெயார்தான் ஆசை, அது கண்டியில. கண்டியில தங்க எங்க? போர்டிங் காசுக்கு அம்மா எத்தனை கிலோ கொழுந்து எடுக்கணும்? காசு இருந்தாலும் அப்பா விட மாட்டாரு.

20 பேர் தையல் முடிச்சோம். ஒரு டவுனுக்கு 20 தையல்காரி எதுக்கு? ரெடிமேட் சல்வார் சந்தையில கெடக்குது. மூணு பேர் வீட்டுல மெசின் போட்டிருக்காங்க, தீபாவளிக்கு மட்டும் ஓடும். நான் காமன்ட் பெக்டரிக்கு (ஆடைத் தொழிற்சாலை) போனேன். அங்க முதல் நாள் செர்டிபிகேட்ட நீட்டினேன். எச்.ஆர். அக்கா வாங்கிப் பைல்ல வச்சாங்க, எனக்கும் ஒன்னும் படிக்காம வந்த புள்ளைக்கும் ஒரே சம்பளம். அவங்களே ரெண்டு மூணு கிழமையில மெசின் பழக்கிருவாங்க. எங்க நிலையத்தில பழகின மெசினும் அங்க இருந்த மெசினும் ஒன்னில்ல, எங்களுது எங்க அம்மா வயசு.

ஆனா ரெண்டு வருசம் கழிச்சு குவாலிட்டி செக்கருக்கு ஆள் எடுக்கையில அந்தப் பைலத் தேடினாங்க. செர்டிபிகேட் இருந்த மூணு பேரத்தான் கூப்பிட்டாங்க. அப்ப பேப்பர் வேலைக்கு ஆகல, ரெண்டாவது படிக்கு ஆச்சு. இத வச்சு நல்லதுன்னும் சொல்ல முடியல, கெட்டதுன்னும் சொல்ல முடியல.

நாட்டுல வேலைக்குப் போற பொம்பளைங்க மூணில ஒரு பங்குதானாம். தோட்டத்தில மட்டும் அது எப்பவும் கூட. எங்க அம்மாமார் நூறு வருசமா சம்பளத்துக்குத்தான் போறாங்க. எங்கள வேலைக்கு அனுப்புறது யாருக்கும் புதுசில்ல, பஸ் ஏத்தித்தான் அனுப்ப மாட்டேங்கிறாங்க.

---

பத்தனைப் பழையவர் | திங்கள், காலை 9.00

மகளே, நீ எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். "எங்கள் டவுனில் இருந்தது அதுதான்" என்பதே நான் சொல்ல வந்ததன் சாரம். சந்தையில் எதற்கு ஆள் தேவை என்று பார்த்துக் கோஸ் வைப்பதில்லை. நிலையத்தில் என்ன மெசின் கிடக்கிறது, எந்தப் போதனாசிரியர் இருக்கிறார் என்று பார்த்து வைக்கிறார்கள். பிறகு பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லை என்றால் பிள்ளைமேல் பழி.

---

நூலகப் பூச்சி | திங்கள், பகல் 2.30

கொஞ்சம் புத்தக வாசனை, பொறுத்துக்குங்க. இந்த விசயத்தில வெளிநாட்டில பெரிய சண்டையே நடந்திருக்கு. எரிக் ஹனுஷெக்னு ஒரு பொருளியலாளர், அவரோட மூணு பேர் சேந்து 2017ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, பல நாட்டுத் தரவ வச்சு. தொழிற்கல்வி படிச்சவங்களுக்கு ஆரம்பத்தில வேலை சீக்கிரம் கெடைக்குது. வயசு ஏற ஏற அந்த முன்னிலை கரையுது, பொதுக்கல்வி படிச்சவங்க முந்திர்றாங்க. தொழில்நுட்பம் மாறும்போது ஒரே வேலைய ஆழமாப் பழகினவங்க புதுசுக்கு மாறக் கஷ்டப்படுறாங்கங்கிறதுதான் அவங்க சொல்ற காரணம். அதுவும் ஜெர்மனி, டென்மார்க் மாதிரி கொம்பனிக்குள்ளேயே பயிற்சி நடக்கிற நாடுகள்ல இந்த ஏற்ற இறக்கம் ரொம்பத் தெளிவா இருக்கு.

ஆக வயர்மேன் சொன்ன ஓஜேடி முதல் வேலைக்கு. பத்தனை சேர் கேக்கிற கணக்கு 45 வயசுக்கு. கராஜ் அண்ணன் சொன்ன பழைய பாஸும் ஸ்கேனரும் அதே ஆய்வுதான், கிரீஸ் பூசின பதிப்பு.

---

கராஜ்காரன் | திங்கள், பகல் 3.05

பூச்சி தம்பி, அந்த ஆய்வு செஞ்சவர எங்க கராஜுக்கு ஒருக்கா வரச் சொல்லுங்க, டீ தர்றேன்.

ஆனா ஜெர்மனியில 45 வயசில வேலை போனா அரசாங்கம் காசு குடுக்கும். நம்ம ஊருல 18 வயசில வேலை இல்லாட்டியே சோத்துக்குக் கஷ்டம். 45ஐப் பத்தி யோசிக்க மொதல்ல 25ஐத் தாண்டணுமே.

---

வயர்மேன் ஹட்டன் | திங்கள், இரவு 8.45

மனசில கெடக்கிறதச் சொல்லிர்றேன். எங்க தோட்டத்துப் பெக்டரிக்கு கலர் சோர்ட்டர் வந்துச்சு. தூள்ல இருக்கிற நாரக் கேமராவால பாத்துக் காத்தடிச்சுத் தள்ளுற மெசின். முன்னாடி அந்த எடத்தில பொம்பளைங்க வரிசையா உக்காந்து கையால பொறுக்குவாங்க, எங்க பெரியம்மா அதுல 20 வருசம். மெசின் வந்ததும் ரெண்டு பேர் போதும்னு ஆயிருச்சு. பெரியம்மாவ மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பிட்டாங்க.

சரி, அந்த மெசினப் பாக்க ஆள் வேணுமே? கொழுந்து வாடுற ட்ரொஃப்ல (தொட்டி) காத்தாடிக்கு வேகம் கொறைக்கிற ட்ரைவும் போட்டிருக்காங்க. அதுக்கும் ஆள் வேணும். நான் போய்க் கேட்டேன், என்.வீ.கியூ 4 இருக்கு, லயம் பெக்டரிக்குப் பின்னாலதான், நடுராத்திரி கூப்பிட்டாலும் வருவேன்னு. பெரிய ஐயா சிரிச்சிட்டு, அதெல்லாம் கொழும்புல இருந்து வந்து பாப்பாங்க, நீ பேர் போட்டு வா, பல்ப் மாத்திறதுக்கு ஆள் வேணும்னாரு. கொழும்பு ஆள் வர ரெண்டு நாள். அதுவரைக்கும் மெசின் நிக்கும், பெரியம்மாவக் கூப்பிட்டுப் பொறுக்கச் சொல்வாங்க.

கோபம் அவருமேல மட்டும் இல்ல. எனக்கும் அந்த ட்ரைவ் தெரியாது, உண்மைதான். 4ல நாங்க அது படிக்கல. 5 எடுத்திருந்தா வேற மாதிரிக் கேட்டிருக்கலாம். அப்ப தங்கச்சி கல்யாணம், சைட்ல காசு வந்துச்சு, விட்டுட்டேன். போதனாசிரியர் சேர் சொன்னாரே, சம்பாதிக்கத் தொடங்கினா மறுபடி படிக்க விட மாட்டாங்கனு. விடாதது வீடு மட்டும் இல்ல சேர், நாமளுந்தான்.

பொகவந்தலாவ தம்பி, கணக்கு வேணும். ட்ரைவ் மெனுவலத் தொறந்தா முழுக்கக் கணக்கு. பத்தனை சேர் சொன்னதுக்காக இல்ல, வயருக்காகவே வேணும்.

---

பத்தனைப் பழையவர் | திங்கள், இரவு 9.10

எனக்காகவும் கொஞ்சம் இருக்கட்டுமே.

---

போதனாசிரியர் ஒருவர் | செவ்வாய், காலை 6.50

ஒரு விடயம் விட்டுப்போனது. பாடசாலையிலேயே 12, 13ஆம் தரத்தில் தொழிற்பாடத்துறை இருக்கிறது, 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம். ஓ.எல். பெறுபேறு பார்க்காமல் சேரலாம், முடிவில் என்.வீ.கியூ 4க்குப் போகலாம். அம்மாவுக்குப் பாடசாலைச் சீருடையில் பிள்ளையைப் பார்த்த திருப்தி, தம்பிக்குக் கைவேலை. ஆனால் எல்லாப் பாடசாலையிலும் இல்லை, உங்கள் கல்வி வலயத்தில் எந்தப் பாடசாலையில் தமிழில் நடக்கிறது என்று நேரில் விசாரியுங்கள். பெயரளவில் நடக்கிற இடமும் உண்டு.

---

பொகவந்தலாவ பொடியன் | மூணு கிழமைக்குப் பிறகு, வெள்ளி, இரவு 8.30

எல்லாருக்கும் பெரிய நன்றி. ஒவ்வொரு பதிலையும் தம்பிக்கு வாசிச்சுக் காட்டினேன். தையல் அக்காவோடத அம்மா ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னாங்க.

வலயத்தில விசாரிச்சோம். தொழிற்பாடத்துறை இருக்கிற ஸ்கூல்ல எலெக்ட்ரிகல் இல்ல, வேற பாடங்கள்தான். அதனால கோசுக்கே போறதுனு ஆச்சு. நோட்டீஸ் குடுத்த எடத்தோட பேர ஆணைக்குழு இணையத்தளத்தில தேடினோம். நிலையம் இருக்கு, அந்தக் கோஸ் இல்ல! போதனாசிரியர் சேர் இல்லாட்டி காச கட்டியிருப்போம். இப்ப அரசாங்க நிலையம் ஒன்னுல போர்ம் குடுத்து, நேர்முகமும் முடிஞ்சுச்சு, எடம் கெடைச்சிருக்கு. கணக்கையும் திரும்ப எழுதுறான், அது அம்மாவுக்கும் அவனுக்கும் நடந்த ஒப்பந்தம். சனி ஞாயிறுல அடுத்த டிவிசன்ல ஒரு அண்ணன் சொல்லிக் குடுக்கிறாரு.

ஓஜேடிக்கு எங்க அனுப்புவீங்கனு நேர்முகத்திலேயே கேட்டேன். அந்த மெடம் ஒரு மாதிரிப் பாத்தாங்க, இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லயாம். அப்பறம் ஒரு கொப்பியத் தொறந்து, போன பேச் போன எடங்களக் காட்டினாங்க. ரெண்டு ஹொட்டல், ஒரு கட்டட கொம்பனி, மிச்சம் "சொந்த ஏற்பாடு"னு இருந்துச்சு. சொந்த ஏற்பாடுதான் கூட.

போக வர பஸ்ஸிலேயே மூணு மணித்தியாலம் போகும், அதனால போர்டிங் பாக்கிறோம். யாருக்காவது ஹட்டன் டவுன் பக்கம் பொடியன்கள் தங்கிற எடம் தெரிஞ்சா சொல்லுங்க.

---

வயர்மேன் ஹட்டன் | வெள்ளி, இரவு 8.52

எடம் இருக்கு, உள்பெட்டியில எழுதுறேன். செஞ்ச வேலைய எழுதுற ரெகோர்ட் புக் தமிழ்ல எழுதலாமானு கேட்டியா?

---

பொகவந்தலாவ பொடியன் | வெள்ளி, இரவு 8.58

கேட்டேன்ணே. எழுதலாமாம். வாசிக்கத்தான் அங்க ஆளில்லையாம்.

---

வயர்மேன் ஹட்டன் | வெள்ளி, இரவு 9.05

அதே பதிலத்தான் எனக்கும் சொன்னாங்க. நான் சிங்களத்தில எழுதின பழைய புக் பெட்டியில கெடக்கு, முழுசாப் படம் எடுத்து அனுப்புறேன். பக்கத்திலேயே தமிழ்ல குறிப்பு எழுதி வச்சிருக்கேன், எழுத்து கொஞ்சம் கோணலா இருக்கும். ஓஜேடி வர்றப்ப சொந்த ஏற்பாடுன்னா மொதல்ல எனக்கு ஒரு கோல் போடச் சொல்லு. அப்ப என் கையில எந்த சைட் இருக்குமோ தெரியாது, இருந்தா கூட்டிட்டுப் போறேன். செருப்புப் போட்டுட்டு வர வேணாம்னு சொல்லு, சப்பாத்து வேணும்.

---

கொழுந்துக்காரி மகள் | வெள்ளி, இரவு 9.30

அந்தப் போர்டிங்ல பொம்பளப் புள்ளைங்களுக்கும் எடம் இருக்கானு ஒருக்கா கேட்டுப் பாருங்கண்ணே. எனக்கில்ல, தங்கச்சிக்கு.